வடிகட்டிய நீரைத்தான் குடித்தோம், ஆனாலும் வயிறு கெட்டது: பிழை எங்கே?

நடைபழகி எழுதியது:

வணக்கம். நாங்கள் நால்வர் ஐந்து நாள் மலைநடை ஒன்றை முடித்து நேற்று முன்தினம் திரும்பினோம். வழியில் குழாய்நீரோ கடையோ கிடையாது என்பதால் ஓடைகளிலும், மூன்றாம் நாள் மட்டும் ஒரு சிறு குளத்திலும் நீர் எடுத்தோம். எடுத்த நீர் முழுவதையும் 0.1 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள குழல் இழை வடிகட்டியில் பிழிந்த பிறகே குடித்தோம். அதில் ஒருவரும் சோம்பல் படவில்லை. அப்படியிருந்தும் நான்காம் நாள் மாலை எங்களுள் ஒருவருக்கும், அன்று பின்னிரவில் எனக்கும் வாந்தியும் பேதியும் தொடங்கி, மறுநாள் கீழே இறங்கி வருவதே பெரும்பாடாகிவிட்டது. எங்களுக்குச் சமைத்துப்போட்ட மூத்த நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காமவருக்கும் பேதி இல்லை. ஆனால் அவர் நாளொன்றுக்கு ஏழு லிட்டர் வரை தண்ணீர் குடித்தும் மூன்றாம் நாளிலிருந்தே தலைவலி, குமட்டல் என்றுதான் இருந்தார். இன்னும் குடி, இன்னும் குடி என்று நாங்களும் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

வடிகட்டி எங்களை ஏமாற்றிவிட்டது என்றே நினைக்கிறேன். வேறு வகைக்கு மாறவேண்டுமா, அல்லது நாங்கள் பயன்படுத்திய முறையில்தான் பிழையா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் அடுத்த பயணத்துக்கு உதவியாக இருக்கும்.

ஓடைக்கல் எழுதியது:

முதலில் நாட்களை எண்ணிப் பாருங்கள். ஓடைநீர் என்றதும் எல்லோரும் அஞ்சுகிற ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, உடலுக்குள் போய் நோயாக வெளிப்பட ஒன்றிலிருந்து மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். இன்னொரு ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியத்துக்குப் (சுருக்கமாகக் கிரிப்டோ) பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும், சிலருக்கு இரண்டு நாளிலேயே தெரியும். இந்த இரண்டின் கூடுகளும் 4 முதல் 12 மைக்ரான் வரை பருமனுள்ளவை. உங்கள் வடிகட்டி உடையாமல் இருந்திருந்தால் அவை அதைக் கடந்திருக்கவே முடியாது. பாக்டீரியாக்களும் பெரும்பாலும் அந்தத் துளையைவிடப் பெரியவைதான்.

இருவருக்குச் சில மணி நேர இடைவெளியில், வாந்தியோடு தொடங்கியது என்பதைக் கேட்டால் எனக்கு வாந்திபேதி தரும் நோரோவைரஸ் நினைவுக்கு வருகிறது. உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்தில் அது வேலையைக் காட்டும். அதன் பருமன் ஏறத்தாழ 0.03 மைக்ரான், அதாவது உங்கள் வடிகட்டியின் துளையில் மூன்றில் ஒரு பங்குதான். வடிகட்டி சரியாக இருந்தாலும் வைரஸைத் தடுக்காது. அதன் உறையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும், பெரும்பாலோர் படிப்பதில்லை. ஆனால் அந்த வைரஸ் மனிதக் கழிவிலிருந்துதான் வரும். எனவே என் கேள்வி இரண்டு: அந்தக் குளத்துக்கு மேலே ஆட்கள் தங்கும் இடம் ஏதேனும் இருந்ததா? நீங்கள் எதைக் கொண்டு கை கழுவினீர்கள்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் வயிறு உப்புசம், நாற்றமான ஏப்பம், மிதக்கும் மலம் என்று யாருக்காவது தொடங்கினால், அதைப் பழைய பேதியின் மிச்சம் என்று விட்டுவிடாமல், மருத்துவரிடம் ஓடைநீர் குடித்ததைச் சொல்லுங்கள். அது ஜியார்டியாவாக இருக்கக்கூடும்.

கருவிப்பெட்டி எழுதியது:

வடிகட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் ஒரு கேள்வி. இரவில் நீர் உறையும் அளவுக்குக் குளிர் இருந்ததா? அப்போது வடிகட்டி எங்கே இருந்தது?

குழல் இழை வடிகட்டிக்குள் இருப்பவை மிக மெல்லிய, உள்ளே துவாரமுள்ள நூல்கள். ஒருமுறை பயன்படுத்திவிட்டால் எவ்வளவு உதறினாலும் அவற்றுக்குள் நீர் தங்கும். அந்த நீர் உறைந்து விரியும்போது நூல் வெடித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேட்டால், முன்பைவிட நீர் நன்றாக ஓடுகிறதே என்று மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்! குளிர் இரவுகளில் அதை ஓர் உறையில் இட்டுத் தூங்கும் பைக்குள் உடலோடு வைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வடிகட்டியை நன்றாக நனைத்து, நீர் வெளிவரும் பக்கத்திலிருந்து வாயால் ஊதுங்கள். நனைந்த இழைகளின் நுண்துளைகளில் நிற்கும் நீரைத் தள்ளிக்கொண்டு காற்று போக வாயால் ஊதும் அழுத்தம் போதாது. காற்று தாராளமாகப் போய்க் குமிழிகள் வந்தால் உள்ளே எங்கோ கிழிந்திருக்கிறது என்று பொருள். ஆனால் காற்று போகவில்லை என்பது முழு நற்சான்று ஆகாது. உறைந்தது உறுதியென்றால் நான் தூக்கி எறிந்துவிடுவேன்.

நடைபழகி எழுதியது:

இருவருக்கும் நன்றி. இரண்டாம் நாள் இரவு, வெளியே வைத்த பாத்திரத்து நீர் மேலே ஏடு கட்டியதுபோல் உறைந்திருந்தது. வடிகட்டி பையின் வெளிப்புற வலைப்பையில் இருந்தது. ஊதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

குளத்துக்கு மேலே ஆட்கள் தங்கிய தடயம் எதையும் நாங்கள் பார்க்கவில்லை. சுமையைக் குறைக்கவேண்டும் என்று சோப்பு எடுத்துப் போகவில்லை. ஆல்கஹால் சானிடைசர் மட்டும்தான்.

பனிமுகடு எழுதியது:

இத்தனை குழப்பமும் வேண்டாம் என்றுதான் நான் பல ஆண்டுகளாகக் கொதிக்கவைத்தே குடிக்கிறேன். வைரஸ், பாக்டீரியா, ஜியார்டியா, குளோரினுக்கே அசையாத கிரிப்டோ என எல்லாவற்றையும் ஒரே அடியில் முடிக்கும் முறை அது. இழை கிழியுமா, மின்கலம் தீருமா, மாத்திரை காலாவதியா என்ற கவலையும் கிடையாது. நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் அளவு. மேலே போகப்போக, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை செல்சியஸ் வீதம் கொதிநிலை இறங்கி, 3,000 மீட்டரில் 90 பாகையிலேயே நீர் கொதித்துவிடும். அங்கே கொதித்தால் கிருமி சாகாது என்று பலர் நினைக்கிறார்கள். 70 பாகையைத் தாண்டினாலே பெரும்பாலான கிருமிகள் ஒரு நிமிடத்துக்குள் செயலிழந்துவிடும் என்பதால், அந்த மூன்று நிமிடமே பாதுகாப்புக்காகக் கூட்டிச் சொன்னதுதான். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று கொதிக்கவிடுவது எரிபொருளுக்குத்தான் கேடு.

பனியை உருக்குகிறவர்களுக்கு ஒரு சொல்: பாத்திரத்தின் அடியில் முதலில் கொஞ்சம் நீர் ஊற்றிக்கொண்டு பனியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், வெறும் பனியைப் போட்டால் அடி தீயும், நீரில் கருகல் வாடை அடிக்கும். தாகத்துக்குப் பனியை அப்படியே தின்பதும் தவறு. ஒரு கிலோ பனி உருகவே 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும்; அதை உங்கள் உடல்தான் கொடுக்கிறது. உறைந்ததால் கிருமி செத்துவிட்டது என்று எண்ணவும் வேண்டாம்.

கருவிப்பெட்டி எழுதியது:

கொதிக்கவைப்பது சிறந்த முறை என்பதில் எனக்கு மறுப்பில்லை; எரிபொருள் கணக்கைத்தான் நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 10 பாகையில் இருக்கும் ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர, சாதாரணக் கேஸ் அடுப்பில், காற்றில் வீணாவதையும் சேர்த்தால் 15 கிராம் அளவில் எரிவாயு செலவாகும். நால்வர், தலைக்கு நான்கு லிட்டர் என்றால் நாளுக்கு 240 கிராம்; குடிநீருக்கு மட்டுமே தினமும் ஒரு நடுத்தரக் குப்பி காலி. அதோடு கொதித்த நீர் ஆறும்வரை வழியில் காத்திருக்கவேண்டும். சமையலுக்கும் தேநீருக்கும் கொதிக்கவைத்துக்கொண்டு, நடக்கும்போது குடிக்கும் நீருக்கு வேறு வழி பார்ப்பதே நடைமுறை.

அந்த வேறு வழி எனக்கு வடிகட்டியும் மருந்தும் சேர்ந்தது. முதலில் வடிகட்டவேண்டும், பிறகுதான் குளோரினோ குளோரின் டை ஆக்சைடோ சேர்க்கவேண்டும். வரிசையை மாற்றினால், கலங்கலில் இருக்கும் மண்ணும் மக்கும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. மணமும் வேறு சேர்மானமும் இல்லாத 5 முதல் 6 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள ப்ளீச் திரவமானால், தெளிந்த லிட்டருக்கு இரண்டு சொட்டு, அரை மணி நேரக் காத்திருப்பு. நீர் கலங்கியோ மிகக் குளிர்ந்தோ இருந்தால் அளவை இரட்டிப்பாக்குவார்கள். குளோரின் டை ஆக்சைடு மாத்திரைகள் கிரிப்டோவையும் கொல்லும். ஆனால் அதற்கு நான்கு மணி நேரம் வேண்டும், அரை மணி நேரம் போதாது. முன்னதாக வடிகட்டி கிரிப்டோவை நிறுத்திவிட்டால் அந்த நான்கு மணி நேரம் தேவைப்படாது. அயோடின் இன்றும் சிலரிடம் இருக்கிறது. கருவுற்றவர்களும் தைராய்டுக் கோளாறு உள்ளவர்களும் அதைத் தொடக்கூடாது, மற்றவர்களும் சில வாரங்களுக்கு மேல் தொடரக்கூடாது.

மருந்து போட்ட பாட்டிலைக் குலுக்கிய பிறகு மூடியைச் சற்றே தளர்த்தி, கவிழ்த்து, மரையிலும் வாய்ப்பகுதியிலும் அந்த நீர் வழியும்படி செய்யுங்கள். உள்ளே இருப்பது தூய நீராகவும் உதடு படும் இடம் ஓடைநீராகவும் இருப்பது நான் அடிக்கடி பார்க்கும் காட்சி. ஓடையில் முக்கும் பைக்கும் குடிக்கும் பாட்டிலுக்கும் வெவ்வேறு நிறம் வைத்துக்கொண்டால் அவசரத்திலும் மாறாது.

முதற்படி எழுதியது:

நான் இன்னும் ஒரு பயணமும் போகாதவன். புறஊதா விளக்கு ஒன்று பரிசாகக் கிடைத்திருக்கிறது. அதை மட்டும் நம்பலாமா? குளத்து நீரில் பச்சை ஏடு மிதந்தால் அதற்கும் அது போதுமா?

ஓடைக்கல் எழுதியது:

தெளிந்த நீருக்கு அது நல்ல கருவி. வைரஸையும் கிரிப்டோவையும் செயலிழக்கச் செய்யும். கலங்கலான நீரில் ஒளி ஊடுருவாது, மண் துகளின் நிழலில் கிருமி தப்பித்துக்கொள்ளும். மின்கலம் தீர்ந்தால் அது வெறும் குச்சி. ஆகவே ஒரு பட்டை மாத்திரை எப்போதும் கூடவே இருக்கட்டும்.

பச்சை ஏடு வேறு வகை ஆபத்து. நீலப்பச்சைப் பாசி நஞ்சை வெளியிடக்கூடியது. கொதிக்கவைத்தால் நஞ்சு போகாது, நீர் ஆவியாகிப் போவதால் இன்னும் செறிவாகலாம். மருந்தையோ வடிகட்டியையோ அதற்கு நம்பமுடியாது. சுரங்கக் கழிவு, வயலில் தெளித்த பூச்சிக்கொல்லி ஆகியவையும் அப்படித்தான். கிருமியைக் கொல்லும் கருவிகளை மட்டுமே நாம் சுமக்கிறோம். அத்தகைய நீரை விட்டு விலகி, அடுத்த ஓடை வரைக்கும் போதுமானதை முன்கூட்டியே நிரப்பிக்கொண்டு நடக்கவேண்டும்.

உப்புக்கல் எழுதியது:

எல்லோரும் பேதியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த ஏழு லிட்டர் நண்பரைப் பற்றித்தான் கவலை. நீர் உறையும் குளிரில், வியர்வை குறைவான நிலையில், ஏழு லிட்டர் குடித்தும் ஒருவருக்குத் தலைவலியும் குமட்டலும் இருந்தன என்றால், அவருக்கு நீர் போதவில்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? நீர் மிகுந்து, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனாலும் இதே தலைவலியும் குமட்டலும்தான் வரும். நீண்ட நேரம் உடலை வருத்தும்போது, நீரை வெளியேற்றவிடாமல் தடுக்கும் ஹார்மோன் சிலருக்குக் கூடுதலாகச் சுரக்கும். அப்போது ஊற்ற ஊற்ற உள்ளேயே தங்கும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிமுடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. எடை கூடியது என்றால், வியர்த்ததைவிட அதிகம் குடித்திருக்கிறார்கள் என்பதுதானே!

வேறுபடுத்த எளிய குறிகள் உண்டு. சிறுநீர் கருமஞ்சளாகவும் குறைவாகவும், வாய் உலர்ந்தும் இருந்தால் நீர்க்குறைவு. சிறுநீர் நிறமற்றுத் தெளிந்திருந்து, விரல்கள் வீங்கி மோதிரம் இறுகி, வயிறு தளும்பினால் குடிப்பதை நிறுத்திவிட்டு உப்புள்ள உணவைத் தாருங்கள். சிறுநீர் தெளிவாக இல்லை என்பதை மட்டும் வைத்து மிகையை மறுத்துவிடவும் முடியாது. அந்த ஹார்மோன் சுரந்தால் சிறுநீரும் குறையும். பேச்சுக் குழறுதல், தன்நிலை தடுமாறுதல், வலிப்பு என்று எது வந்தாலும் உடனே கீழே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டிய நிலை அது. தலைவலியும் குமட்டலும் உயரமான இடங்களில் வரும் மலை நோயின் குறிகளுமாகும் என்பதால் உயரத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

பேதி கண்டவர்களுக்கோ வெறும் நீர் போதாது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்திருந்தால்தான் குடல் இரண்டையும் ஒன்றாக உறிஞ்சி, கூடவே நீரையும் இழுத்துக்கொள்ளும், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வேலை செய்வது அப்படித்தான். பொட்டலம் இல்லாதபோது தூய்மைப்படுத்திய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, வாந்தி இருந்தால் ஒவ்வொரு வாயாக விட்டுவிட்டுக் கொடுக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து. கண்ணளவில் அள்ளிப் போடாதீர்கள்.

பனிமுகடு எழுதியது:

தாகம் எடுத்தால் மட்டும் குடி என்று சிலர் சொல்வதை நான் முழுமையாக ஏற்கமாட்டேன். குளிரில் தாகம் மங்கிவிடும். உயரத்தில் வேகமாக மூச்சு விடும்போதே நிறைய ஈரம் வெளியேறும். நான் நேரம் பார்த்துச் சிறிது சிறிதாகக் குடிக்கிறவன்.

உப்புக்கல் எழுதியது:

நேரம் பார்த்துச் சிறிது குடிப்பதும், வேண்டாத வயிற்றில் லிட்டர் கணக்கில் திணிப்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு நான் எதிரியல்லன்.

சுமைக்குறைவு எழுதியது:

நடைபழகி அவர்களே, என்னென்ன உணவு எடுத்துப்போனீர்கள், அவற்றை எப்படிப் பகிர்ந்துகொண்டீர்கள் என்று சொல்ல முடியுமா? முந்தைய இரவு மீந்த சோறு ஏதேனும் உண்டா? ஆறிய சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது, ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கவைக்கும். அதனால் கேட்கிறேன்.

நடைபழகி எழுதியது:

மீந்த சோறு இல்லை. ஒருவேளைக்கு மட்டுமே சமைத்தோம். காலையில் ஓட்ஸும் பால்பொடியும், இரவில் நூடுல்ஸ் அல்லது சோறு, பகலில் வறுத்த உப்பு வேர்க்கடலையும் கொட்டைப்பருப்பு வகைகளும் கலந்த ஒரு பெரிய பை. தலைக்கு நாளுக்கு 550 கிராம் என்று நிறுத்து எடுத்துப்போனோம். கடலைப் பையைச் சமைக்கும் நண்பர் வைத்திருந்தார். ஓய்வெடுக்கும்போது எல்லோரும் கைவிட்டு அள்ளித் தின்போம். ஏழு லிட்டர் நண்பருக்கு மட்டும் கடலை ஒவ்வாது. அவர் தனக்கென உலர்ந்த பழங்களைத் தனிப் பையில் வைத்திருந்தார்.

ஓடைக்கல் எழுதியது:

அந்தப் பை! ஒருவர் மட்டும் கை நுழைக்காத பை, அவருக்குப் பேதி இல்லை. சமைத்தவர் ஏன் தப்பித்தார் என்பதுதான் மிச்சம். அவருக்குப் பயணத்துக்குச் சற்று முன்பு வயிற்றுக் கோளாறு இருந்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள். நோரோவைரஸ் கண்டவருக்கு உடம்பு தேறிய பிறகும், இரண்டு வாரமோ அதற்கு மேலோ மலத்தில் அந்த வைரஸ் வெளியேறும். ஆல்கஹால் சானிடைசர் அதன்மீது அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் நீரும்தான் கையிலிருந்து அகற்றும்.

சுமைக்குறைவு எழுதியது:

ஓடைக்கல் துப்பறியட்டும், நான் எடைக்கணக்கைப் பார்க்கிறேன். நீங்கள் சொன்ன வகைகளைச் சராசரியாக்கினால் கிராமுக்கு நான்கு கலோரியை (உணவுக் கணக்கில் கலோரி என்பது கிலோகலோரிதான்) சற்றே தாண்டும். ஆக 550 கிராம் என்பது 2,300 கலோரி அளவில்தான். சுமையோடு நாள் முழுவதும் ஏறி இறங்குகிறவருக்கு 3,000 முதல் 4,500 வரை தேவைப்படும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு நான்கு கலோரி, கொழுப்போ ஒன்பது. இரவுச் சாப்பாட்டில் 30 கிராம் எண்ணெய் ஊற்றினால் 270 கலோரி கூடிவிடும், சுமை ஏறியதே தெரியாது. உலர்ந்த பழம் கிராமுக்கு மூன்று கலோரி அளவுதான், வேர்க்கடலையும் கொட்டைப்பருப்பும் ஆறை நெருங்கும். உங்கள் ஏழு லிட்டர் நண்பர் கலோரியிலும் குறைந்திருக்கிறார், பகல் முழுவதும் உப்பும் இல்லாமல் இருந்திருக்கிறார். உப்புக்கல் சொன்னதோடு இது நன்றாகவே பொருந்துகிறது.

அடுப்பே வேண்டாம், ஊறவைத்துச் சாப்பிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஊறவைக்கும் நீரும் குடிநீரைப் போலவே தூய்மைப்படுத்தியதாக இருக்கவேண்டும். வேகவைத்து உலர்த்திய பயறுகளை மட்டுமே அப்படிச் சாப்பிடலாம். வேகவைக்காத ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு. நன்கு கொதித்தால்தான் அது அழியும், அரைவேக்காடு இன்னும் மோசம். உயரத்தில் திறந்த பாத்திரத்தில் அதை வேகவைக்க நான் துணியமாட்டேன்.

நடைபழகி எழுதியது:

இரண்டு செய்திகள். வடிகட்டியை நனைத்து ஊதினேன். என் கன்னம் வலித்ததுதான் மிச்சம், ஒரு குமிழிகூட வரவில்லை. அடுத்து, சமைத்த நண்பரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். பயணத்துக்கு நான்கு நாள் முன்பு அவருக்கும் வீட்டில் இருந்த குழந்தைகளுக்கும் ஒன்றரை நாள் வாந்தியும் பேதியும் இருந்ததாம். சரியாகிவிட்டதே, சொல்வானேன் என்று விட்டுவிட்டார். பாவம், இப்போது மிகவும் வருந்துகிறார்.

ஓடைக்கல் எழுதியது:

அவரை வருந்தவேண்டாம் என்று சொல்லுங்கள். அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பரிசோதனை செய்யாமல் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது, குளத்து நீர் வழியாகவும் வைரஸ் வந்திருக்கலாம். ஆனால் என் சந்தேகம் கடலைப் பையின் மீதுதான். அடுத்த முறை சிறு துண்டு சோப்பு எடுத்துப்போங்கள்; நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி நின்று கையைக் கழுவுங்கள். கழிக்கும் இடத்துக்கும் அதே தொலைவு, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி. பையில் யாரும் கைவிடவேண்டாம். பையைச் சாய்த்து உள்ளங்கையில் கொட்டிக்கொள்ளுங்கள். வயிறு சரியில்லாமல் இருந்து அண்மையில்தான் தேறியவர் சமையலுக்குப் பதிலாகக் கூடாரம் கட்டட்டும்.

கருவிப்பெட்டி எழுதியது:

குமிழி வரவில்லை என்றாலும் வெளிப்பையில் உறைந்த இரவு உண்மைதானே. என் கருத்து மாறவில்லை. அந்த வடிகட்டியை வீட்டுத் தோட்டத்துக்குச் செடி நனைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கடலைஒவ்வாதவன் எழுதியது:

அந்த ஏழு லிட்டர் ஆள் நான்தான். இந்த உரையாடலில் எழுதுவதற்காகவே பதிவு செய்துகொண்டேன். மோதிரம் கழற்ற முடியாமல் இறுகியது உண்மை. குளிரால் என்று நினைத்தேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு அடிக்கடி சிறுநீர் கழிக்க ஒதுங்கியதும், அது தண்ணீர் போலவே இருந்ததும் இப்போதுதான் உறைக்கிறது. இறங்கி வந்த அன்று இரவு உப்புப் போட்ட சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தேன், மறுநாள் காலையில் தலைவலி இல்லை. கடலை இல்லாமல், அடுப்பு மூட்டாமல், நடந்துகொண்டே தின்னக்கூடிய உப்புள்ள பண்டம் எது என்று சுமைக்குறைவு சொல்வாரா?

சுமைக்குறைவு எழுதியது:

கடினப் பாலாடைக்கட்டி, உப்பு பிஸ்கட், வறுத்த பூசணி விதை அல்லது சூரியகாந்தி விதை. விதைகளில் கொழுப்பும் உப்பும் ஒன்றாகக் கிடைக்கும். வாங்கும்போது, கடலை பதப்படுத்தும் இடத்திலேயே பொதியப்பட்டதா என்று உறையைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பையிலும் வேறு யாரையும் கைவிடச் சொல்லாதீர்கள்.